கடிகாரம் மட்டும் துல்லியம்

மயிலாப்பூர்,
20-2-1995

சுந்தரராமனுக்கு ஜானு அத்தை எழுதுவது. ஆசீர்வாதம் கடைசியில்.

என்னைக் கேட்காமல் என் கேமராவை நீ சிங்கப்பூருக்கு எடுத்துப் போனது தவறு. "அத்தை, இது தானே ஃபோகஸ் பண்ணிக்கும், உங்க கண்ணுக்கு இதான் சௌகரியம்" என்று தானியங்கி ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாய். நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆட்டோ ஏறியிருந்தாய்.

நவராத்திரிப் படங்கள் மங்கியதற்குக் காரணம் என் கண் இல்லை, நீ வாங்கித் தந்த ஜூம் லென்ஸ். அதை மாட்டினால், கண் வைத்துப் பார்க்கும்போது தெரியும் நடு வட்டத்தில் பாதி கறுத்துவிடுகிறது. பிளந்து தெரியும் கோடு ஒன்று சேர்ந்தால் ஃபோகஸ் சரி. கோடே தெரியாவிட்டால் எதைச் சேர்ப்பது? டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே யாரும் சொல்லித்தராமல் கற்றவள் நான். வெளிச்சம் நிறைய வாங்கும் பழைய மாதிரி ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் போதும். வலது கண்ணில் புரை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. இன்னும் பழுக்கவில்லை என்கிறார் டாக்டர். இடது கண்ணால் பார்ப்பேன்.

நீ வராத அறுபதாம் கல்யாணத்தில் உன் அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றியதை உன் தானியங்கியில்தான் எடுத்தேன். படத்தைக் கழுவிக் கொடுத்த லஸ் ஸ்டுடியோ லாரன்ஸ், "இன்னா ஜானும்மா, ஜோடிய வுட்டுட்டு கடியாரத்த புடிச்சிக்கினு வந்துகீறீங்க" என்றார். இரண்டு தலைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் புகுந்து, பின்சுவர்க் கடிகாரத்தைப் பிடித்திருக்கிறது உன் கேமரா. மணி ஒன்பது இருபது. முள் தெளிவாகத் தெரிகிறது, முகம் தெரியவில்லை. முதலில் ஒருவர் முகத்தை நடுவில் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு நகர்த்த வேண்டுமாம். என் விரலுக்குப் பாதி என்பது பழக்கமில்லை.

உன் அப்பா வேம்புவுக்கு மார்ச் பதினைந்தாம் தேதி இருதய ஆபரேஷன். "அவனுக்கு எழுதாதேக்கா, லீவு போட்டா வேலைக்கு ஆபத்துங்கறான்" என்றான். எழுதுகிறேன். அதற்கு முன் அந்தப் படத்தை மறுபடி எடுக்க வேண்டும். "இன்னொரு தரம் மாலை போட்டுண்டா ஆத்துல எல்லாரும் சிரிப்பா" என்று மறுத்தான். சிரிக்கட்டும், படத்தில் எல்லோரும் நன்றாக விழுவார்கள் என்றேன். இரண்டு நாளாகப் பேசவில்லை, மாலைக்கு மட்டும் சம்மதித்திருக்கிறான்.

ஆகவே, பத்தாம் தேதிக்குள் என் கேமரா இங்கே இருக்க வேண்டும். தபாலில் அனுப்பாதே, கையில் கொண்டுவா. ஐம்பது லென்ஸும், கண் வைத்துப் பார்க்கும் துளையில் திருகும் சின்னக் கண்ணாடியும் நீ அங்கே தேடி வாங்க வேண்டும். என் இடது கண் பவரை மறுபக்கம் எழுதியிருக்கிறேன். உன் அம்மா அதே அரக்குப் புடவை கட்ட வேண்டும், சொல்லிவிட்டேன். லாரன்ஸ் அன்றே கழுவித் தர வேண்டும். கடிகாரத்தை நான் கழற்றிவிடுகிறேன்.

லென்ஸ் கிடைக்காவிட்டால் அதற்காக நாளைக் கடத்தாதே. தானியங்கியிலேயே எடுப்பேன். அது நடுவில் இருப்பதைத்தான் பார்க்கும். அவர்கள் இருவருக்கும் நடுவில் நீ நிற்க வேண்டும்.

ஆசீர்வாதம்.

ஜானு அத்தை