மகாராணியைப் பழக்கியது யார்?

பிப்ரவரி 6

அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று இப்போதைக்குக் கேட்பதாக இல்லை.

நம் குதிரைப் பள்ளியில் லாயம் கூட்டினேன், சாணம் அள்ளினேன். கை நீட்டினாலே கடிக்க வந்த மகாராணியை, ஒரு குழந்தை ஏறி உட்காரும் அளவுக்குப் பழக்கினேன். பயிற்சியாளர் தேர்வுக்கு அவரவர் பழக்கிய குதிரையோடுதான் போக வேண்டும். தேர்வு நாள் காலையில் சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் லாயம் காலி. அவளை அண்ணியின் தம்பியோடு அனுப்பிவிட்டீர்கள். குதிரை ஏறத் தெரிவதற்கு முன்பே பளபளவென்று பூட்ஸ் வாங்கிய மனிதர்! அவர்தான் பழக்கினார் என்று தேர்வாளரிடம் கூசாமல் சொன்னதும் நீங்கள்தான்.

"உனக்கென்னம்மா அவசரம், அடுத்த தடவை போய்க்கலாம்" என்றீர்களே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வேறொரு பள்ளியில் சேர்ந்துவிட்டேன். மகாராணியைப் பழக்கியது நான்தான் என்று நாலு பேர் முன்னால் உங்கள் வாயால் சொல்லும்வரை நமக்குள் பேச்சில்லை.

தங்கை


ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

இந்நேரம் ஆறியிருப்பாய் என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு மூக்கு நுனியில் கோபம். அண்ணி உன்னை விசாரித்தாள். மச்சான்தான் இப்போது பாடம் எடுக்கிறான். குடும்பத்துக்குள் யார் பேர் வாங்கினால் என்ன?

ஒரே ஒரு சந்தேகம். மகாராணி வகுப்பு நடுவில் அடித்து வைத்த முளை மாதிரி நின்றுவிடுகிறாள். மச்சான் தொண்டை கிழியக் கத்துகிறான், ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள். மாட்டு டாக்டர் வந்து பார்த்து உடம்புக்கு ஒன்றுமில்லை என்றுவிட்டார். அவளுக்கு என்னதான் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறாய்? ஒரு வரி எழுது.

அன்புடன்,
அண்ணன்


மே 2

அண்ணாவுக்கு,

என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று என்னைக் கேட்கிறீர்கள். பழக்கியவர் பூட்ஸ்காரர்தானே? அவரைக் கேளுங்கள்.

ஏன் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். இங்கே ஒரு முரட்டு வெள்ளைக் குதிரையைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். கை வலித்து உட்காரும்போதெல்லாம் உங்கள் மச்சான் நடு மைதானத்தில் முழிப்பதை நினைத்துக்கொள்வேன். வலி பறந்துவிடும்.

என் நிபந்தனை உங்களுக்குத் தெரியும்.

லாயம் கூட்டியவள்


ஆகஸ்ட் 11

அன்புத் தங்கைக்கு,

அந்த வெள்ளைக் குதிரையோடு நீ தேர்வில் ஜெயித்ததைக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை நம்மிடம் வருகிறார். பிடித்துப்போனால் அவர் குழந்தைகள் அத்தனை பேரும் இங்கேதான் கற்றுக்கொள்வார்கள். மகாராணியை மச்சான் ஓட்டிக் காட்டுகிறான். நீ வந்து லாயத்தில் அவளைக் கொஞ்சம் தயார் செய்துவிட்டால் போதும். முன்னால் வர வேண்டியதில்லை. பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே.

அண்ணன்


ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்திருந்தேன். லாயத்துக்கு அல்ல, தலைமையாசிரியைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மச்சான் விழுவதைப் பார்க்கத்தான் வந்தேன், மறைப்பானேன்? நாலுகால் பாய்ச்சலில் வந்தவர் கெத்தாக "ஹேய், ஓடு!" என்று ஒரு சத்தம் போட்டார். மகாராணி சட்டென்று நின்றாள். பூட்ஸ்காரர் மட்டும் நிற்காமல் போய் மைதானத்தில் பரப்பியிருந்த மரத்தூளில் இறங்கினார். என் வயிறு குளிர்ந்தது.

உடனே நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். "மன்னிக்கணும், இந்தக் குதிரைய என் மச்சான் பழக்கல. என் தங்கச்சி பழக்குனது, அதான் இந்த லட்சணம்!" நாலு பேர் முன்னால் என்றுதான் கேட்டேன், மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டீர்கள்.

மச்சானைத் தாங்கிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய்விட்டதால் மிச்சத்தை நீங்கள் பார்க்கவில்லை. நான் எழுந்துபோய், "அந்தத் தங்கச்சி நான்தான்" என்றேன்.

"ஏம்மா இப்படிப் பழக்குனே?" என்றார் தலைமையாசிரியை.

"பயந்துபோன குழந்தை முதல்ல கத்தத்தான் செய்யும், மேடம். யார் கத்தினாலும் நின்னுடணும்னு பழக்கினேன். மெதுவாச் சொன்னா எங்க வேணும்னாலும் வருவா."

அவரோடு வந்திருந்த ஒரு சிறுமியை ஏற்றிவிட்டு, "போலாமா" என்று மகாராணியின் காதில் சொல்லச் சொன்னேன். ஆடி அசைந்து நடந்தாள். பாதிச் சுற்றில் குழந்தை பயந்துபோய் வீறிட்டாள். மகாராணி நின்றாள். குழந்தை இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து இன்னொரு சுற்றும் போனாள்.

தேர்வில் குதிரை ஓட்டுபவர் வாயைத் திறக்கக் கூடாது, அதனால்தான் உங்கள் மச்சான் அன்றைக்குத் தப்பித்தார். இப்போது விஷயம் தெரிந்துவிட்டதே, அவரிடமும் சொல்லிவிடுங்கள். சத்தம் போடாமல் சொல்லுங்கள்.

அந்தப் பள்ளிக்கூடக் குழந்தைகள் திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் வருகிறார்கள்.

என் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டீர்கள். இனி நமக்குள் பேச்சு உண்டு. நான் நலம். நீங்கள் நலமா, அண்ணா?

இப்படிக்கு,
மகாராணியைப் பழக்கியவள்