மணல் பை தைத்தவள்

நவம்பர், 1915

அன்பு மகன் அஷீலுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருக்க மாதாவை வேண்டாத நாளில்லை.

நம் ஊரைப் பிடித்து வைத்திருக்கும் ஜெர்மன்காரன் இங்குள்ள கிழவிகளையும் நோயாளிகளையும் ரயிலேற்றி, சுவிட்சர்லாந்து வழியாக நம் படை இருக்கும் உங்கள் பக்கம் அனுப்புகிறான். கோயில் மணியடிப்பவரின் அக்கா மதலேன் போகிறாள். இந்தக் கடிதம் அவள் பாவாடை மடிப்புக்குள் ஒளிந்து வருகிறது. அதே ரயிலில் எதிர்வீட்டு பிலோமெனும் வருகிறாள். அவள் வாயிலிருந்து நீ கேட்பதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்.

உன் புறாக்கள் இல்லை. தூது போய்விடும் என்று ஊர்ப் புறாக்களையெல்லாம் கொல்லச் சொன்னான். செம்புப் பாத்திரம், மெத்தைக் கம்பளி எல்லாம் வாரிக்கொண்டு போனான். என் முட்டிவலியை மட்டும் விட்டுவைத்திருக்கிறான்.

மேசைவிரிப்பு நெய்த நம் ஆலையில் இப்போது மணல் பை தைக்கச் சொல்கிறான். அவர்களுடைய பதுங்குகுழிக்கு முன்னால் அடுக்கி, உங்கள் குண்டுகளைத் தடுக்க. அது தெரிந்ததும் ஊரே வேலையை நிறுத்திவிட்டது. ஆண்களைப் பிடித்துப் போனான், மற்றவர்களைச் சில நாள் வீட்டுக்குள் அடைத்தான். அப்படியும் மசியவில்லை.

உன் மனைவி ஸெலி தைத்தாள்.

தைப்பவர்களுக்குத்தான் பால் கொடுத்தார்கள். நீ இன்னும் பார்க்காத உன் மகள் ஒதிலுக்கு மார்புச் சளி. ஸெலிக்கோ தாய்ப்பால் வற்றிப்போயிற்று. தெருவில் பிலோமென் மறித்துக்கொண்டு, "புருஷனச் சுடறவனுக்கே கவசம் தைக்கிறியே, கை கூசலையாடி?" என்று கேட்டு முகத்தில் துப்பினாள். ஸெலி துடைத்துக்கொண்டு, "பசிக்கிற புள்ளைக்கு எந்த நாட்டுப் பாலுன்னு தெரியாதுக்கா, வழிய விடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் வாசலில் நின்று பிலோமெனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்தேன். மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். நான் மெச்சுகிறேன், எழுதிக்கொள்.

மகனே, ஒதில் போய்விட்டாள். பால் இருந்தது, மருந்து இல்லை. சவப்பெட்டி தூக்கக்கூட ஆள் வரவில்லை. இத்தனை தறி உள்ள ஊரில் ஒரு முழம் வெள்ளைத் துணி கிடைக்காமல், மணல் பைத் துணியில்தான் குழந்தையைச் சுற்றினோம். அதையும் ஸெலிதான் தைத்தாள். 

அதன்பிறகு அவள் ஆலைப் பக்கம் போகவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை, அழுவதுமில்லை. நேற்று மட்டும் என்னிடம், "அத்தை, நான் தைச்ச பைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு எவனாவது அவரைச் சுட்டுட்டா?" என்று கேட்டாள். அவள் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டேன்.

பிலோமென் சொல்வதைக் கேட்டு நீ கோபப்பட்டால் படு. ஆனால் தலையைக் குனிந்தே வைத்துக்கொள், வீரம் காட்டாதே. எனக்காகச் சொல்லவில்லை. பெற்றவள் அழுது ஆற்றிக்கொள்வேன். உனக்கு ஒன்று ஆகிவிட்டால், தானே உன்னைக் கொன்றதாகத்தான் அவள் நினைப்பாள். மாதா உன்னைக் காக்கட்டும். முழுசாக வந்து அவள் கண்முன்னால் நில்லப்பா.

உன் அம்மா,
லெயோகாதி