ஆடியில் புது லாரி எடுப்பதில்லை

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் நல்ல வெயில். நாலு மணிக்கு மழை. துணியெல்லாம் நனைந்து மறுபடி அலச வேண்டியதாயிற்று.

அப்பாவோடு ஆஸ்பத்திரி. இடது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. வலது கால் போன வருஷமே முழங்காலுக்குக் கீழே போயாயிற்று. இனிப்பு நீர் வியாதிக்கு அது போதவில்லை, மிச்சத்தையும் கேட்கிறது. டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். இப்போதே வந்தால் பாதத்தோடு நிறுத்தலாம், தள்ளினால் மேலே ஏறும் என்றாள். கையெழுத்துக்கு நீட்டிய பாரத்தை அப்பா தொடவே இல்லை.

"ஒரு டிரிப் என் சொந்தக் கால்ல ஓட்டிட்டு வரேன். வந்து சைன் பண்றேன்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் கேம் என்று விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண்.

விஷயம் இதுதான். அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். போன மாதம் அவருடைய பழைய கூட்டாளி மணியம் அங்கிள் வீட்டில், அவர் மகனுடைய கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் கேம். ஸ்டீயரிங், கீழே பெடல், எல்லாம் உண்டு. ஒற்றை இடது காலால் ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்து ஒரு மணி நேரம் ஓட்டினார். அன்று சோறு இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கால் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த மகன் வேலை மாற்றலாகி ஜொகூர் போய்விட்டான். ஸ்டீயரிங்கையும் பெடலையும் எங்களுக்கு விற்றான், கம்ப்யூட்டரைக் கையோடு கொண்டுபோனான். இப்போது ஸ்டீயரிங் எங்கள் சாப்பாட்டு மேசையில். இணைக்க ஒன்றும் இல்லை. அப்பா அதன் முன்னால் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

பைத்தியமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எனக்கும் அவர் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

டவுன் கடை ஒன்றில் ரெடிமேட் கம்ப்யூட்டர் பார்த்தேன். உள்ளே தீபாவளி விளக்கு மாதிரி மின்னுகிறது. இன்றே தூக்கிக்கொண்டு வரலாம் என்றான்.

பிறகு கம்போங் செட்டியில் சிவா வீட்டுக்கு. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன், அப்பாவுக்கு ரொம்ப நாள் பழக்கம். கடைக்காரர்கள் பேர் தெரியாத பவர் சப்ளையை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள், சாமான் வாங்கிக் கொடு, நானே சேர்த்துத் தருகிறேன் என்று மலாயில் சொன்னான். அப்பா எப்போதும் சொல்வதுதான்: "அவன் பேரு சிவா. வாயத் தொறந்தா மலாய்." அந்தச் செட்டிக் குடும்பங்களே அப்படி, சாமி நம் சாமி, பேச்சு பல தலைமுறையாக மலாய்.

ரெடிமேட் – இன்றே. உள்ளே இருப்பது கடவுளுக்கு வெளிச்சம்.
சேர்ப்பது – நல்ல சாமான். கெட்டுப்போனால் சிவா பக்கத்தில். ஆனால் கிராபிக்ஸ் கார்டு (இனி கி.கா.) வர ஒரு வாரம்.

ரெடிமேட் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அம்மா: "ஆடி மாசம்டி. ஆடியில புதுசா வாங்கினா வீட்டுக்கு ஆகாது. போகட்டும், ஆவணி ஒன்னாம் தேதி வாங்கு."

அப்பா வழக்கமாக அம்மா சொல்வதற்கு எதிராகத்தான் பேசுவார். இன்று நடுவராகிவிட்டார். "ஆடியில புது லாரி எடுக்க மாட்டோம், சரி. அதுக்காக ஓடுற லாரிய நிறுத்திட்டமா? ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி மாட்டலையா? அந்த சிவா பையன் சொல்ற மாரி பார்ட்ஸ் பார்ட்ஸா வாங்கு. ஆவணி பொறந்ததும் பூட்டிக்கலாம்."

அம்மாவுக்கும் அது சரியாகப் பட்டது. இந்த வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். அதைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஷிப்ட். குருபோங் ரோட்டில் ஜாம். சோப்புத் தூள், பஞ்சு, பேண்டேஜ் வாங்கினேன். அம்மாவுக்கு வெற்றிலை மறந்தேன், திட்டு.

பாகங்கள் வந்துவிட்டன, கி.கா. தவிர. அப்பா ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். ரேடியேட்டர் எங்கே என்று சிவாவைக் கேட்டார். சிவா காற்றாடியைக் காட்டினான். "இத நம்பி மலையேற முடியுமா?" என்றார் அப்பா. முடியும் என்று சிவா சத்தியம் செய்தான்.

அப்பாவின் கால் கட்டைப் பிரித்தபோது வாடை. அம்மா சாம்பிராணி போட்டாள். செவ்வாய்க்கிழமைக்குப் போட்டதாகப் பேச்சு. நாங்கள் மூன்று பேரும் அதை நம்புவதாகப் பேச்சு.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன். வரும் திங்கள் கட்டாயம் கூட்டி வருகிறேன் என்றேன். நீங்கள்தான் பொறுப்பு என்றாள். ஆமாம் என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கி.கா. வந்தது. அப்பாவுக்குக் காய்ச்சலும் வந்தது. கறுப்பு விரலைத் தாண்டிப் பாதத்தில் பாதி.

சண்டை போட்டேன். சாமான் முழுக்க இருக்கிறது, சிவா சும்மா இருக்கிறான், இன்றைக்கே பூட்டச் சொல்கிறேன், ஓட்டிவிட்டு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன்.

"கடைசி ஆடி வெள்ளிடி. இன்னும் ரெண்டே நாளு. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்றாள் அம்மா.

"விடு பாப்பா. ரெண்டு நாள்ல என்னா ஆயிரப்போவுது" என்றார் அப்பா.

கால் அழுகுகிறது, அதற்கு ஆடி தெரியுமா ஆவணி தெரியுமா என்று கத்தினேன். அம்மா அழுதாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், கேட்பதற்கு.

கடைசியில், நாளை சிவா வீட்டிலேயே பூட்டிச் சோதித்துவிட்டு ஞாயிறு காலை இங்கே கொண்டுவருவதாக ஏற்பாடு. அம்மாவிடம் பூட்டுகிற விஷயத்தைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்கு சிவா கொண்டுவந்தான். நேற்றே ஓட்டிப் பார்த்தானாம், அருமையாக ஓடியதாம். பெட்டியின் பக்கவாட்டு மூடியை மட்டும் திறந்து வைத்திருந்தான், ஒரு வயரை ஒதுக்கிக் கட்ட வேண்டும் என்று. கட்டும் நாடாவை எடுக்க வெளியே மோட்டார் சைக்கிளுக்குப் போனான். நான் நீள வயர் பிளக் தேடி அறைக்குப் போனேன்.

அப்பா சவரம் செய்து, கம்பெனிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டை இப்போது தோளில் தொங்குகிறது. கட்டுப் போட்ட பாதம் பெடல் மேலே. பக்கத்தில் எலுமிச்சம்பழம். உடம்பு கொதிக்கிறது, முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

நான் வந்தபோது அம்மா தட்டோடு நிமிர்ந்தாள். பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். அழகாகத்தான் இருந்தது. திறந்திருந்த பக்கத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

"ஆன் பண்ணு பாப்பா."

ஆன் பண்ணினேன். 'டப்' என்று ஒரு சத்தம். கருகல் வாசனை. அவ்வளவுதான்.

சிவா ஓடிவந்து உள்ளே பார்த்தான். போர்டு மேலே மூன்று இடத்தில் ஈரச் சந்தனம், குங்குமம், மேலே தெளித்த மஞ்சள் தண்ணீர். கி.கா. மேலேயும். "ஹாபிஸ்" என்றான். மலாயில் அதற்கு அர்த்தம்: எல்லாம் முடிந்தது.

அம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை. "எஞ்சினுக்குத்தானே வைப்போம்" என்றாள். "பானட்டத் தொறந்து எஞ்சினுக்குத்தானே வைப்போம்."

நான் வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டினார்.

"அவள ஒன்னும் சொல்லாத. முப்பது வருசம் என் எஞ்சினுக்குப் பொட்டு வச்சவ. நான் ஒரு நாளும் எங்கயும் கவுந்ததில்ல."

பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே கழுவினேன். மத்தியானம் வரைக்கும் அவர் அந்தப் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

லீவு போட்டேன். கடை திறக்கும்போதே வாசலில் நின்று அதே ரெடிமேடை வாங்கினேன். பத்து நிமிஷ வேலை. இந்தப் பத்து நிமிஷத்தை ஒன்பதாம் தேதியே செலவழித்திருக்கலாம்.

திரும்பும் வழியில் அம்மா போன். அப்பா நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது. அவரைக் காரில் படுக்கவைக்கப் பின் சீட்டில் இடமில்லை, பெட்டி. அதைத் தூக்கி வாசலில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வழி முழுக்க என்னை "கெலிண்டான், கெலிண்டான்" என்று கூப்பிட்டார். லாரியில் டிரைவருக்கு உதவியாகப் போகிற ஆளைச் சொல்வது. சின்ன வயதில் நானும் வருகிறேன் என்று அழுவேன், பொம்பளப் பிள்ளைக்கு லாரியில் என்ன வேலை என்று இறக்கி விடுவார்.

கால் புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. அதே டாக்டர். முழங்காலுக்கு மேலே, இன்றே, இல்லாவிட்டால் ஆள் இல்லை. அவருக்கு நினைவு சரியில்லை, குடும்பத்தில் யாராவது கையெழுத்துப் போடுங்கள் என்றாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் போட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வார்டில் கண் விழித்தார். தண்ணீர் கேட்டார். போர்வையைப் பார்த்தார், தட்டையாகக் கிடந்த இடத்தை. ரொம்ப நேரம்.

"யாரு உன்னக் கையெழுத்துப் போடச் சொன்னா?"

பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சு கொடுத்தார். உரித்துவிட்டு, யாருக்கு என்று தெரியாமல் நானே தின்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எங்கள் நாட்டுச் சுதந்திர தினம். தெரு முழுக்கக் கொடி. அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு நாள். பெரிய ரோட்டில் லாரிகள் கொடி கட்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னிடம் பேச்சு இல்லை. அம்மாவிடம் ம், ஊஹூம்.

பெட்டி பிரிக்காமலே கிடக்கிறது. அம்மா அதன் மேல் மருந்து டப்பாக்களை வைத்திருக்கிறாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவள் சாமி விளக்கு ஏற்றுவதில்லை. நான்தான் ஏற்றுகிறேன்.

"நான் பொட்டு வைக்காம இருந்திருந்தா..." என்றாள் இன்று.

"அதனால இல்லம்மா" என்றேன். மனசுக்குள் ஆமாம் என்றேன். பிறகு ஆடி மேல் பழி போட்டேன், அப்பா மேல் போட்டேன். கடைசியில் வந்து நிற்பது என்னிடம்தான். ஆடியும் தெரியாது பொட்டும் தெரியாது என்று அன்றே வாங்கி வந்திருந்தால் திட்டிக்கொண்டே ஓட்டியிருப்பார். பாதத்தோடு போயிருக்கும். எனக்கு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தலையாட்டியதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அதற்கு விலை ஒரு கால்.

செப்டம்பர் 6, சனி

காலையிலிருந்து தூறல். புண்ணுக்குக் கட்டு மாற்றினேன். அரிசி தீர்ந்துவிட்டது.

பத்து மணிக்கு அப்பா சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "பெட்டியப் பிரி" என்றார். என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மருந்து டப்பாக்களை எடுத்தேன், பிரித்தேன். சிவா வந்து கேமை ஏற்றிக் கொடுத்தான். பெடலுக்குப் பதிலாக ஸ்டீயரிங்கில் இருக்கிற பொத்தானில் வைத்துத் தரட்டுமா என்று, தலையைக் குனிந்துகொண்டு மலாயில் கேட்டான்.

"பொத்தான்ல ஓட்டுற லாரி என்னா லாரி" என்றார் அப்பா, தமிழில். சிவாவுக்குப் புரிந்துவிட்டது. போய்விட்டான். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

"நீ கீழ உக்காரு."

மேசைக்கு அடியில் உட்கார்ந்தேன். வலது கை ஆக்ஸிலேட்டர் மேல், இடது கை பிரேக் மேல். திரை தெரியாது. என் முகத்துக்கு நேரே கட்டுப் போட்ட ஒரு தொடையும், முழங்காலோடு நிற்கிற வலது காலும் மட்டும். மருந்து வாடை.

"மெல்ல அமுக்கு... போதும்... பிரேக்கு. கெலிண்டான் மாரி தூங்காத... ம், அமுக்கு."

குரல் பழைய குரல். அழுதேன், அவருக்குத் தெரியவில்லை. வளைவு என்றார், முன்னால் ஒரு எண்ணெய் டாங்கி லாரி என்றார், மழை என்றார். கை வலித்தது. அரை மணி நேரமாவது போயிருக்கும்.

"இப்ப நல்லா அமுக்கு. அடி வரைக்கும்."

அமுக்கினேன். எஞ்சின் சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது.

"ரோடு எப்படிப்பா?"

"இறக்கம்."

"பிரேக் போடவாப்பா?"

மேலே அண்ணாந்து பார்த்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கையும் மடியில் இருந்தன. சத்தம் வீட்டையே அதிரவைத்தது. அடுப்படியிலிருந்து அம்மா "என்னாடி அது" என்று கேட்டாள்.

ஆக்ஸிலேட்டரை விட்டேன். இரண்டு கையாலும் பிரேக்கை அமுக்கினேன், உடம்பு முழுக்க அதன் மேல் சாய்ந்து. கிறீச்சென்று இழுத்து, நின்றது.

மேலேயிருந்து கேட்டார்: "யாரு உன்ன அமுக்கச் சொன்னா?"

நான் கையை எடுக்கவில்லை.