மாலாக்காவின் கடுகுப் பை

சிரித்தால் கண்ணே காணாமல் போகிற என் மாலாக்காவுக்கு,

இன்றைக்கும் அம்மா கடுகு தாளித்தாள். அது வெடித்ததும் நீ சமையலறையில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. நீ போனதிலிருந்து இப்படித்தான். பயமா, பாசமா என்று எனக்கே தெரியவில்லை.

உனக்கு ஒரு சேதி. உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது அக்கா. அதே இடது மார்பு. அதே அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் ஆனது. "இனிமே பயமில்ல, வழக்கம்போல இருக்கலாம்" என்றார் டாக்டர். வழக்கம்போல என்றால் எப்படி? உன்னைத்தானே கேட்கணும்?

நீ தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை காட்டுகிறவள். முந்தானையை உன் தோளில் போட்டுக் காட்டினால்தான் வந்தவர்கள் வாங்குவார்கள். ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு, இடது பக்கம் முந்தானை தட்டையாக விழுந்ததைக் கடைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து அழுதாய். பஞ்சு வைத்துப் பார்த்தாய். கனமில்லாமல் மேலே ஏறிக்கொண்டது. அப்புறம் மல் துணியில் சின்னப் பை தைத்து, கடுகு நிரப்பி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாய். கனம் சரியாக இருந்தது. குனிந்தால் மட்டும் சரசரவென்று ஒரு சத்தம்.

மாத்திரை, ஊசி என்று எல்லாரும் விசாரித்தார்கள். ஆபரேஷனுக்கப்புறம் வீங்கின கையில் வளையல் ஏறுகிறதா, ரவிக்கை எப்படி நிற்கிறது என்று யார் கேட்டார்கள்? "இந்தப் பை விஷயம் அம்மாவுக்குத் தெரியவே கூடாது, தாங்காதுடி" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய்.

உன் காரியம் முடிந்ததும் அம்மா உன் பீரோவை ஒழித்தாள். புடவைகளுக்கு அடியில் அந்தப் பை. துணியில் பொதிந்து ஒளித்து வைத்த கடுகு என்றால் நம் அம்மாவுக்கு ஒரே அர்த்தம்தான்.

"இன்னாடி இது! எவளோ சூனியம் வச்சிக்கீறா. இதாலதான் எம் பொண்ணு பூட்டா!"

கையால் தொடாமல் முறத்தில் தள்ளி எடுத்துக்கொண்டு போய், சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்திலிருந்து கூவத்தில் வீசினாள். பழி எதிர்வீட்டுச் சரளாக்கா மேல் விழுந்தது. உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் மேல்! நீ வாங்கின சத்தியத்துக்காக அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் எனக்கும் ஒரு பை தைக்க உட்கார்ந்தேன். இடது கை ஒத்துழைக்கவில்லை, கடுகு தரையெல்லாம் கொட்டியது. சத்தம் கேட்டு அம்மா வந்தாள். துணியையும் கடுகையும் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்காவுக்கு நீயாடி வச்ச?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை அக்கா. ரவிக்கையைத் திறந்து காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அழவில்லை. ஒரு பிடி கடுகை அள்ளி உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். "இத்த மார்ல வச்சிகினு நாளெல்லாம் நின்னா? நான் எம் பொண்ணயே தூக்கிக் கூவத்துல போட்டுட்டேனே." பிறகு ஊசியை வாங்கி அவளே தைத்துக் கொடுத்தாள். சாயந்திரம் சரளாக்கா வாசலில் போய் நின்றாள். கதவு திறக்கவில்லை. இன்றைக்கும் போய் நின்றாள், நாளைக்கும் போவாளாம்.

இப்போது நான் குனிந்தாலும் சரசரக்கிறது. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன், நீதான் பின்னால் நிற்கிறாய் என்று.

உன் பழைய சத்தியத்தை மீறிவிட்டேன், அதனால் புதுசாக ஒன்று செய்து தருகிறேன். நீ கடுகைக் கொட்டிவிட்டு, பையைத் துவைத்து, கட்டிலுக்கடியில் ஒளித்துக் காயவைப்பாய். ஈர வாடை போகவே போகாது. என் பையை நான் மொட்டைமாடிக் கொடியில், எல்லார் துணியோடும், நல்ல வெயிலில் காயப்போடுவேன். இது என்ன என்று யார் கேட்டாலும், எங்க அக்கா கண்டுபிடிச்சது என்று சொல்வேன்.

வெயிலில் காயும் துணிக்குக் காவலாக நிற்கும்
உன் தங்கச்சி,
வசந்தி