கிழக்கு வாசல் படிகள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அதனால் மேஸ்திரியிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

பெரிய கோயிலின் கிழக்கு வாசலில் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தோம். பத்தடி ஆழத்தில் மேஸ்திரி கத்தினார்: “சார், இது பாறை இல்ல. படி! கீழ போய்க்கிட்டே இருக்கு!”

டார்ச்சோடு இறங்கினேன். முப்பத்தோரு படிகள், அதற்குக் கீழே தண்ணீர். அத்தனை தெளிவு. ஒவ்வொரு படியும் நடுவில் கிண்ணம் போலத் தேய்ந்திருக்கிறது. சுவரில் இடுப்பு உயரத்தில் வழவழவென்று ஒரு பள்ளம். பிடித்துப் பிடித்தே கல் அப்படி ஆகியிருக்கிறது. எத்தனை தலைமுறைக் கைகள்! என் கையையும் அதில் வைத்தேன், அக்கா. எடுக்க மனம் வரவில்லை.

ஊரை எதிரிப் படை முற்றுகையிட்டபோது, பெண்கள் வரிசையாக நின்று கோயிலுக்கு அடியிலிருந்த குளத்துத் தண்ணீரைக் கைமாற்றி மேலேற்றி நகரைக் காப்பாற்றினார்கள் என்று யாத்திரிகர்களுக்குச் சொல்வாயே. ஆறு வருஷத்துக்கு முன் அந்தக் கூட்டத்தின் நடுவில், “குளமும் இல்ல, குட்டையும் இல்ல. எங்கக்கா நல்லா கதை விடுவா” என்று சிரித்தேன். உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மன்னித்துவிடு.

வேலையை நிறுத்திவிட்டேன். குழாயைச் சுற்றுவழியில் கொண்டுபோகச் சொல்லி எழுதியிருக்கிறேன். மேலதிகாரி குதிக்கிறார். குதிக்கட்டும். ஏழாம் தேதி தொல்லியல் துறைக்காரர்கள் வந்து பூட்டிவிடுவார்கள். அதற்குள் நீ பார்க்க வேண்டும்.

உன் தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன்.

நீ சிரித்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். நீ சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம்தான் என்னைத் தின்றது. அன்றோடு அந்தக் கதையைச் சொல்வதையே விட்டுவிட்டேன். யாராவது கேட்டால், “அப்படியும் சொல்லுவாங்க” என்று நழுவிவிடுவேன். அந்தப் பெண்களை நானே கைவிட்டுவிட்டேன், பார்.

இன்று காலை இருபது பேர் வந்தார்கள். கோயில் முற்றத்தில் நிறுத்தி, ஒன்று விடாமல் சொன்னேன். ஓர் அம்மாள், “நீங்க பாத்தீங்களாம்மா?” என்று கேட்டார்.

“என் தம்பி பாத்துட்டான்” என்றேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன். நீ முன்னால் இறங்கு. இருட்டுப் படி என்றால் எனக்கு உதறல்.

அக்கா