லினக்ஸில் ஒரு தக்காளிக் கன்று

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

கம்ப்யூட்டரில் விண்டோஸை அழித்து லினக்ஸ் போடும்போது போட்டோவையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்தீர்கள். அந்தத் தோட்ட விளையாட்டில் நாம் சேர்ந்து வளர்த்த தோட்டத்தை மட்டும் மறந்துவிட்டீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "விளையாட்டுதானே, விடு" என்றீர்களே, அதுதான் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அதுதான் ஆறுதல். நானும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். சாமி கும்பிடும்போதும் அதுவே உறுத்தியது.

டியூட்டிக்குக் கிளம்புமுன் லினக்ஸில் அந்த விளையாட்டைத் திறந்தேன். முன்பைவிட நன்றாகத்தான் ஓடுகிறது. புதுத் தோட்டம் தொடங்கி, ஒரு தக்காளிக் கன்று நட்டேன். பாதி நிலம் உங்களுக்கு.

சாவி செருப்பு அலமாரி மேல்.

பி.கு.: டியூட்டி முடிந்து வந்து கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற இன்று எனக்குத் தெம்பிருக்காது. விளையாட்டுதானே என்று விட்டுவிடாதீர்கள்.