பால் காய்ச்சாத வீடு

இன்று காலை சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வாளியைக் கலக்கினேன். அந்த ஈர வாசம் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் பின்னால் நிற்பது போல இருந்தது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, உங்களுக்கே தெரியும். ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

இந்த வாடகை வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இழுப்பு. முன்னே இருந்தவர்கள் நடுமுற்றத்தைத் தகரத்தால் மூடி, பழைய செங்கல் சுவருக்குப் பளபளவென்று பெயிண்டு அடித்திருந்தார்கள். ஈரம் வெளியே போக வழியில்லை. பெயிண்டு கொப்புளமாக ஊதி உதிரும், எனக்கு மூச்சு முட்டும். வீட்டுக்காரச் சீனர் ஒரு சல்லி தரமாட்டேன், வேண்டுமானால் நீயே செய்துகொள் என்றுவிட்டார்.

அக்கரையில் மாக் மண்டின் என்ற ஊரில் இருந்த பட்டறையில் உங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அதையும் இந்த வீட்டுக்கே கொடுத்தீர்கள். தகரத்தைக் கழற்றி முற்றத்தைத் திறந்தீர்கள். அதே தகரத்தை வளைத்து, மழைத்தண்ணீர் பீப்பாயில் விழும்படி செய்தீர்கள். அடுத்த தெருவில் இடித்த வீட்டின் பலகைச் சன்னல்களைச் சைக்கிளில் கட்டித் தள்ளி வந்தீர்கள். குப்பை பொறுக்கப் போனீர்களா என்று அக்கம்பக்கம் கேட்கும்படியே கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

பெயிண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்துப் பூசினீர்கள். பால்காரன்கூட இவ்வளவு தண்ணீர் ஊற்றமாட்டான் என்று அதையும் கேலி செய்தேன்.

"சுவரும் மூச்சு விடணும்லா. அப்பத்தான் நீ விடுவே" என்றீர்கள்.

எல்லாம் முடிந்த அன்று, நாலு பேரைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சலாமா என்று ஆசையாகக் கேட்டீர்கள்.

"வாடகை வீட்டுக்கு யாராச்சும் பால் காய்ச்சுவாங்களாங்க? பழைய சன்னலைப் பார்த்துச் சிரிக்கவா கூப்பிடறது?"

 தூரிகையைக் கழுவப் போய்விட்டீர்கள்.

அடுத்த மாதமே பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்களாம். காலையில் பெர்ரிப் படகில் போன உங்களை வேனில் கொண்டுவந்தார்கள். நடுமுற்றத்தில்தான் கிடத்தினோம். நான் கூப்பிட மறுத்த அத்தனை பேரும் அன்று வந்து உட்கார்ந்தார்கள். அழுது ஓய்ந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காத்தாடி இல்லாமலே எப்படிக் குளுகுளுன்னு இருக்கு பாரு. யாரு செஞ்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இவருதான்கா. எல்லாம் இவரு கையால செஞ்சது" என்றேன். உங்களைப் பற்றிப் பெருமையாக நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நீங்கள் கேட்கவில்லை.

இழுப்பு இப்போது இல்லை. நன்றாகத் தூங்குகிறேன், அதுவே உறுத்துகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சன்னலைக் காட்டி, சுவரைத் தொட்டுக்காட்டி, இது அவர் செய்தது என்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்லாததை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.